கல்லில் கரணம்

சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் நுழைவோர் கருவறையைக் காணும் ஆவலில் கோபுர வாயிலைக் கடந்து விரைகின்றனர். நாம் வாயிலிலேயே நின்றுவிட்டோம். அருள் தேடி அல்ல. அங்கே சுவரிலே ஒரு பாடநூல் இருக்கிறது, அதைப் படிக்க!

இருமருங்கும் வரிசை வரிசையாகச் சிற்பங்கள். ஒரு காலை ஊன்றி மறு காலைத் தலைக்கு மேல் உயர்த்தி நிற்கும் உருவம் ஒன்று. முழங்கால் மடித்து, இடை திருகி, பின்புறம் நோக்கும் உருவம் மற்றொன்று. எண்ணிப் பார்த்தால் 108. கரணங்கள் என்று பெயர். நாட்டிய சாத்திரத்துச் சுலோகங்களையும் கிரந்த எழுத்திலே உடன் பொறித்து வைத்துள்ளனர், பார்ப்போருக்கு ஐயம் வேண்டாமென்று. கையின் நிலை இது, காலின் நிலை இது, இரண்டும் இணையும்போது உடல் கொள்ளும் வடிவம் இது என்று பிரித்து, வகுத்து, பெயரிட்டு, அழியாத கல்லிலே அடித்து வைத்தான் தமிழகத்துச் சிற்பி. உடலை ஆராய்வது மேனாட்டார் கண்ட புதுமை என்று பேசும் மேதாவிகள் ஒருமுறை தில்லைக்குச் சென்று வரலாம். இரயில் கட்டணம் வீண்போகாது.

ஆனால், தோழர்களே, சுவரை விட்டுக் கண்ணை எடுத்து, ஊருக்கு வெளியே சற்றே நடந்து பாருங்கள். வீராணம் ஏரியும் கொள்ளிடமும் நீர் தரும் நெல்வயல்கள். அங்கே முழங்கால் சேற்றிலே நின்று நாற்று நடும் பெண்கள். குனிந்த இடுப்பு நிமிர்வதில்லை. கதிரவன் கிழக்கே இருந்தபோதும் அதே வளைவு. மேற்கே சாய்ந்தபோதும் அதே வளைவு. அந்த நிலைக்கு எந்தச் சாத்திரமும் பெயர் சூட்டவில்லை. எந்தச் சிற்பியும் உளியெடுக்கவில்லை. நூற்றெட்டிலே சேராத நூற்றொன்பதாவது கரணம் அது!

கல்லுடம்பு வளைந்தால் கலை. கழனியிலே கருத்த உடம்பு வளைந்தால் கீழ்மை. இதுதான் இந்த நாடு உடலுக்கு விதித்த இரட்டை நீதி.

அந்தக் கழனியிலிருந்து அந்தக் கோபுரத்தைக் காணப் புறப்பட்ட ஒருவனைப் பற்றிப் பெரியபுராணம் பேசுகிறது. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாட்களை நகர்த்திய நந்தன், இறுதியிலே தில்லைக்கு வந்தான், தீ மூட்டப்பட்டது, அதிலே மூழ்கி எழுந்த பிறகே உள்ளே செல்ல வழி பிறந்தது என்கிறது புராணம். பக்தியின் பெருமை என்று கதாகாலட்சேபம் செய்வோர் கூறிக்கொள்ளட்டும். நாம் கேட்பது ஒன்றே: தீயில் இறக்கப்பட்டது எது? அவன் உள்ளமா? உள்ளம் தூயது என்றுதான் புராணமே கூறுகிறதே! இறக்கப்பட்டது உடல். உழுத உடல், உழைத்த உடல், ஊருக்குச் சோறு போட்ட உடல். குற்றவாளிக் கூண்டிலே நின்றது அந்த உடல்தான். புராணக் கதை அப்படியென்றால் நாட்டு நடப்பு மட்டும் வேறாகவா இருந்தது? ஆலயப் பிரவேசத்துக்குச் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டு சட்டம் வேண்டியிருந்தது. அதற்கும் முன்பே, 1916இல், அதே சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். கோயில் கதவு திறக்கட்டும் என்று காத்திராமல் பள்ளிக் கதவைத் திறந்தார். அந்த வரிசையை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள்; பின்னே தேவைப்படும்.

முகத்திலே பிறந்தவன் ஒருவன், தோளிலே பிறந்தவன் ஒருவன், தொடையிலே பிறந்தவன் ஒருவன், காலிலே பிறந்தவன் சூத்திரன் என்று வேதத்துப் புருட சூக்தம் வகுத்தது. மனித உடலையே ஏணியாக்கி, மனிதனைப் படிகளாக்கிய கற்பனை அது. கால் என்றால் கடைசி. அந்தக் காலைப் பற்றித்தான் இன்று பேசப் புகுகிறோம்.

* * *

புவனகிரிப் பக்கத்து இளைஞன் ஒருவன், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலே உடற்கல்வி பயில இடம் கிடைத்தது என்று வீட்டிலே சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தாய் மகிழ்வாள். திண்ணையிலே அமர்ந்திருக்கும் உறவினர் ஒருவர், வெற்றிலையை மென்றபடி கேட்பார், "ஓகோ! டிரில் மாஸ்டர் படிப்பா?" என்று. கேள்வியிலே ஒரு சிரிப்பு. மருத்துவம் என்றால் அந்தச் சிரிப்பு வராது. பொறியியல் என்றால் வராது. வணிகவியல் என்றாலுங்கூட வராது. உடல் என்றதும் வருகிறது. அந்தச் சிரிப்புக்கு வயது என்ன, அது எந்த ஊரிலே பிறந்தது என்று தேடிப் பார்த்தோம். விந்தை! அதன் ஒரு வேர் கடலூரிலேயே இருக்கிறது.

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது, சோழமண்டலக் கரையில் கம்பெனிக்குத் தலைமையிடமாக நின்றது இந்தக் கோட்டைதான். 1748 சனவரியில் இங்கே வந்து இறங்கினார் ஸ்டிரிங்கர் லாரன்சு என்னும் படைத்தலைவர். சிதறிக் கிடந்த காவலாட்களை ஒழுங்குபடுத்தி, அணிவகுத்து, பயிற்சி கொடுத்துப் படையாக்கினார். இந்தியப் படையின் தந்தை என்று ஆங்கிலேயர் எழுதும் வரலாறு அவரைக் குறிக்கிறது. இடம், வலம், இடம், வலம் என்று ஒரே தாளத்திலே கால் பெயர்க்கும் டிரில், நம் பக்கத்திலே வேரூன்றிய இடங்களில் கெடிலக் கரையும் ஒன்று.

டிரில் எதற்கு? துப்பாக்கியைக் கெட்டித்துச் சுடும்போது வரிசை குலையாதிருக்க. ஆணை வந்ததும் சிந்தியாமல் கை இயங்க. சிப்பாயின் உடல் நலம் பெற வேண்டும் என்பதற்காக அன்று. அவன் உடல் கம்பெனியின் கருவியாக வேண்டும் என்பதற்காக. சென்னைப் படையிலே தாழ்த்தப்பட்ட மக்களும் பெருந்தொகையினராகச் சேர்ந்தனர்; சேர்ந்து போரிட்டனர். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வீர இனம், வீரமற்ற இனம் என்று ஒரு பாகுபாட்டை வெள்ளை அதிகாரிகள் கட்டினார்கள். வடமேற்கத்தியர் வீரர், சென்னை மாகாணத்தார் வீரமற்றோர்! ஆர்க்காட்டையும் வந்தவாசியையும் வெல்லச் சென்னைச் சிப்பாய் தேவைப்பட்டான். வென்ற பின் அவன் பிறப்பு குறுக்கே நின்றது. மனு எழுதியதை மேசர்கள் மொழிபெயர்த்தார்கள், அவ்வளவே.

படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பள்ளிகளுக்கு வந்தார்கள், பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுக்க. படைமுகாமின் குரல் பள்ளித் திடலுக்கு வந்தது. கணக்காசிரியர் பட்டம் பெற்றவர். டிரில் மாஸ்டருக்குப் பட்டம் இல்லை, பிரம்பு உண்டு. திண்ணைச் சிரிப்பின் பிறப்பிடம் இதுதான். நாம் பயின்ற பள்ளியிலும் அவ்வாறே. தேர்வு நெருங்கினால் விளையாட்டு மணியைக் கணக்காசிரியர் கடன் வாங்குவார். கடன் என்பது திருப்பித் தருவது. அந்தக் கடன் ஒருநாளும் திரும்பியதில்லை. விழா நாளிலே கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும், தாமதமாக வந்தவனைத் தண்டிக்கவும் மட்டுமே விளையாட்டாசிரியருக்கு அழைப்பு வரும். காவற்காரர் வேலை! அவர் அதற்காகவா பயின்று வந்தார்?

* * *

ஐரோப்பாவிலும் தொடக்கம் தூய்மையானதன்று. 1811இல் பெர்லினில் யான் என்பவர் திறந்த உடற்பயிற்சித் திடல், நெப்போலியனை எதிர்க்க இளைஞரைத் திரட்டும் நோக்கம் கொண்டது. ஆனால் 1813இல் சுவீடன் நாட்டு இலிங் என்பவர் ஸ்டாக்கோமில் நிறுவிய பயிற்சி நிலையம் வேறு கேள்வி கேட்டது. எந்த அசைவு எந்தத் தசைக்கு? எந்தப் பயிற்சி எந்த நோய்க்கு? ஆணை போய் ஆராய்ச்சி வந்தது. இலண்டனில் 1885இல், அதே சுவீடன் வழிவந்த பெர்க்மன் அம்மையார் பெண்களுக்கென்றே உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு பயிற்சிப் பள்ளியில் 1891இல் நெய்சுமித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் மாணவரை உள்ளறையில் விளையாட வைக்க வழி தேடியதில் கூடைப்பந்து பிறந்தது. ஒரு வகுப்பறைச் சிக்கலுக்கு விடையாக ஒரு விளையாட்டு! 1922ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு, தசை இயங்கும்போது வெப்பம் எவ்வாறு பிறக்கிறது என்று அளந்த ஏ.வி.ஹில்லுக்கும், தசையின் வேதியியலை விளக்கிய மேயரோபுக்கும் போயிற்று. ஓடுகிறவன் மூச்சு வாங்குவது ஏன் என்ற கேள்விக்கு உலகத்தின் உயர்ந்த பரிசு. நம் திண்ணைக்குச் செய்தி எட்டவில்லை, அவ்வளவே.

அந்த ஸ்பிரிங்பீல்டிலே பயின்ற ஆரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இத்தகைய கல்லூரிகளில் முதலாவது என்ற பெயர் அதற்குண்டு. பிற்காலத்தில் சைதாப்பேட்டையிலே பரந்த திடலோடு வளர்ந்தது. கிறித்துவ நிறுவனம், சமயப் பணியும் உடனிருந்தது, அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் டிரில் மாஸ்டரைப் பிரம்பிலிருந்து விடுவித்து, அவர் கையிலே உடற்கூற்று நூலைக் கொடுத்தது அந்தக் கல்லூரிதான். 1924இல் பாரிசு ஒலிம்பிக்குக்கு இந்தியக் குழு சென்றபோது பக் உடன் சென்றார். 1943இல் மறையும்வரை சென்னையே அவர் ஊர்.

அதே 1920இல் அதே சென்னையில் இன்னொன்றும் நடந்தது. மாநகராட்சியின் தலைமையில் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர். ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவு போடத் தீர்மானமாயிற்று. ஓரிடத்தில் உடலைப் பயிற்றும் படிப்பு. ஓரிடத்தில் உடலை வளர்க்கும் சோறு. யாரும் திட்டமிட்டு இணைத்ததன்று. ஆனால் பசித்த வயிற்றோடு ஓடச் சொல்லும் பயிற்சி, கொடுமையேயன்றிக் கல்வியன்று. 1956இல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று நீளும் வரலாற்றைச் சமையலறைக் கணக்காக மட்டும் படிப்போர் பாதிதான் படித்தவர்கள். தமிழ்நாட்டு விளையாட்டின் வரலாறும் அந்த உலையிலேதான் கொதித்தது.

* * *

இனித் தில்லைக்குத் திரும்புவோம். 1929இல், அண்ணாமலைச் செட்டியார் அளித்த 20 இலட்சம் ரூபாய்க் கொடையோடு, கோயிலுக்குக் கிழக்கே இரயில் பாதைக்கு அப்பால் எழுந்தது அண்ணாமலைப் பல்கலைக் கழகம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் நிருவாகத்துக்கு வந்தது. அங்கே உடற்கல்வி, விளையாட்டு அறிவியல் துறையில் இளநிலை முதல் முனைவர் பட்டம் வரை பயிலலாம். தில்லை வாயிலிலே கல்லில் அடைபட்டிருந்த ஆராய்ச்சி, அதே ஊரிலே வகுப்பறைக்கு வந்துவிட்டது. கருவறைக்குச் செல்லும் வழியிலன்று. கல்லூரிக்குச் செல்லும் வழியில். சகசானந்தர் காட்டிய வரிசை இதுதான் என்று முன்பே சொன்னோம்.

என்ன படிக்கிறார்கள்? எலும்பும் தசையும் மூட்டும் எவ்வாறு இணைகின்றன; நெம்புகோலின் விதி முழங்கையிலே எப்படி வேலை செய்கிறது; இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு குருதியைத் தள்ளுகிறது; களைத்த தசைக்கு ஓய்வு எத்தனை நாள்; பதினான்கு வயதுச் சிறுவனுக்கு எந்தச் சுமை ஆகாது; மூட்டுப் பிசகினால் முதலிலே செய்யத்தக்கது எது. வீரன் தோற்றபின் அவனோடு எப்படிப் பேசுவது என்பதற்கும் உளவியல் பாடம் உண்டு. போட்டியை நடத்துவது, அட்டவணை போடுவது, வரவுசெலவு எழுதுவது, திடல் அமைப்பது ஆகியவையும் பாடங்களே.

திடல் அமைப்பது என்றதும், சுண்ணாம்புக் கோடு போடும் வேலைதானே என்று எண்ணாதீர். அங்கேதான் நாம் நின்று பேச விரும்புகிறோம்.

ஓட்டத் தடத்தின் சுற்று 400 மீட்டர். ஆனால் அது முதல் தடத்தின் அளவு மட்டுமே. தடம் ஒவ்வொன்றும் 1.22 மீட்டர் அகலம். வளைவிலே வெளித் தடத்தின் ஆரம் பெரிது. ஆகவே சுற்றும் பெரிது. எல்லாரையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி ஓடவிட்டால் வெளித்தடத்தான் கூடுதல் தொலைவு ஓடித் தோற்பான். எனவே இரண்டாம் தடத்தானை 7.04 மீட்டர் முன்னே நிறுத்துகிறார்கள். அதற்கப்பால் ஒவ்வொரு தடத்துக்கும் 7 மீட்டர் 67 சென்டிமீட்டர் கூடுகிறது. எட்டாம் தடத்தான் ஏறக்குறைய 53 மீட்டர் முன்னே நிற்பான். இரண்டு ஆரங்களின் வேறுபாட்டை இருமடங்காக்கி, ஏறத்தாழ 3.14ஆல் பெருக்கினால் விடை வரும். விளையாட்டு மணியைக் கடன் வாங்கிய கணக்காசிரியர் இதைக் கவனிப்பாராக; அவர் தேடிய கணக்கு திடலிலேயே கிடந்தது!

திடலைப் பற்றி ஒன்றுமறியாத ஒருவர் அரங்கிலே வந்து அமர்கிறார். எட்டாம் தடத்தான் 53 மீட்டர் முன்னே நிற்பதைப் பார்க்கிறார். "அநியாயம்! அவனுக்கு மட்டும் சலுகையா? திறமை எங்கே? தகுதி எங்கே?" என்று கூவுகிறார். பக்கத்திலிருப்பவர் என்ன சொல்வார்? "ஐயா, உட்காரும். அவன் ஓடப்போகும் வளைவைப் பாரும். எல்லைக்கோடு எல்லாருக்கும் ஒன்றே. தொலைவு எல்லாருக்கும் 400 மீட்டரே" என்பார்.

வகுப்புவாரி உரிமையின்மேல் வீசப்பட்ட கற்கள் அனைத்தும் இந்த அரங்கிலே அமர்ந்தவர் வீசியவை. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி முதல் வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. 1928இல் அது நடைமுறைக்கு வந்தது. கல்லூரி இடங்களிலும் அந்த முறை பரவியது. நாடு விடுதலை பெற்றபின் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1951இல் உச்ச நீதிமன்றம், செல்லாது என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. தலைமுறை தலைமுறையாக வெளித்தடத்திலே, அகன்ற வளைவிலே ஓடிய குலத்துப் பிள்ளைக்குத் தொடக்கக் கோட்டை அளந்து போட்டதுதான் அந்த ஆணை. அளவுநாடாவைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு இது விளங்கும். உடற்கல்வி பயிலும் தோழர்களுக்கு நாம் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள்தாம் நமக்குச் சொல்லித்தர வேண்டும்.

* * *

வயலிலே உழைக்கிறவனுக்கு உடற்பயிற்சி எதற்கு, அது வேலையற்ற பட்டணத்தார் விளையாட்டல்லவா என்று ஒரு கேள்வி உண்டு. பண்ணையார் கேட்டால் புறக்கணிக்கலாம். நம் தோழர்களே கேட்கின்றனர். ஆகவே விடை கூறுவோம்.

இலண்டன் மாநகரத்து இரட்டை மாடிப் பேருந்துகளில் இரு வேலைகள் இருந்தன. ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் சீட்டுக் கொடுக்க நாளொன்றுக்குச் சில நூறு படிகள் ஏறி இறங்குவார். கூலி, குடியிருப்பு, ஊர் எல்லாம் ஏறத்தாழ ஒன்று. செரி மாரிசு என்னும் மருத்துவர், போக்குவரத்துத் தொழிலாளர் ஏறக்குறைய 31,000 பேரை ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார். மாரடைப்பு, ஏறி இறங்கிய நடத்துநரைவிட அமர்ந்திருந்த ஓட்டுநரையே மிகுதியாகத் தாக்கியிருந்தது. இதயநோய் விதிப்பயன் அன்று, நாற்காலிப் பயனும் ஆகும் என்று அன்று தெரிந்தது. இந்தியாவில் நீரிழிவு உற்றோர் 10 கோடிக்கு மேற்பட்டோர் என்று 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கோயில் குளத்தைச் சுற்றினால் நோய் தீரும் என்றார்கள். தீர்ந்திருந்தால் சுற்றியதால் தீர்ந்திருக்கும், குளத்தால் அன்று!

ஆயின் உழவன்? மாரிசின் ஆய்வுக்குப் பிந்தைய ஆராய்ச்சிகள் ஒரு நுட்பத்தைக் காட்டுகின்றன. ஓய்வு நேரத்திலே விரும்பிச் செய்யும் பயிற்சி தரும் நலத்தை, பிழைப்புக்காக நாள் முழுதும் சுமக்கும் பளு தருவதில்லை. பயிற்சியிலே சுமை கூடும், குறையும், இடையே ஓய்வு உண்டு, எல்லாத் தசைக்கும் முறை வரும். கூலி வேலையிலே ஒரே தசை, ஒரே வளைவு, ஓய்வு முதலாளியின் கையில். நூற்றொன்பதாவது கரணம் உடலை வளர்ப்பதில்லை, தேய்க்கிறது. அந்த இடுப்பு வலிக்கு மருந்து எது, அந்தத் தோளுக்கு எந்த மாற்று அசைவு என்று கூறத்தக்கவன், உடலியக்கம் படித்த அந்தப் புவனகிரி இளைஞனே. அவன் தாயின் இடுப்பு அது.

* * *

விளையாட்டு மேலாண்மை என்ற படிப்பைக் கேட்டு நகைப்போர் இன்னும் மிகுதி. பந்தை உதைப்பதற்குப் படிப்பு. பந்து வாங்குவதற்குமா படிப்பு என்பர். படியாதவர் கையில் அது இருந்தபோது நடந்ததைப் பார்ப்போம்.

1936இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் குழுவுக்குத் தலைவர் விசயநகரத்து மகராசகுமார். ஆட்டத் திறமையாலா? பணத்தாலும் பட்டத்தாலும்! அந்தப் பயணத்தின் நடுவே, குழுவின் ஆற்றல்மிக்க ஆட்டக்காரர்களுள் ஒருவரான அமர்நாத்தை ஒழுக்கக் குற்றம் சாட்டிக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினர். குமாரர் இருந்தார், ஆட்டக்காரர் வெளியேறினார்.

அதற்கும் முன்னே பலவங்கர் பாலு. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து, பூனாவில் வெள்ளையர் திடலைப் பேணும் வேலை பார்த்தவர். அங்கே பந்து வீசிப் பழகியவர். இந்துக் குழுவிலே சேர்த்துக்கொண்டார்கள், வெல்ல வேண்டுமே! திடலிலே அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டனர். இடைவேளை வந்ததும் அவருக்குத் தேநீர் வெளியே, தனிமண் குவளையில். தோல் பந்துக்கு இல்லாத தீட்டு, தேநீர்க் குவளைக்கு! 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். தலைமைப் பதவியோ கடைசிவரை அவருக்கு முறையாக வழங்கப்படவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்கே அது கிட்டியது, அதுவும் போராட்டத்துக்குப் பின்.

யாரைத் தேர்ந்தெடுப்பது, எந்த அளவுகோலால், யார் எழுதும் குறிப்பேட்டைக் கொண்டு என்பனவெல்லாம் மேலாண்மைக் கேள்விகள். அமெரிக்காவில் ஒகையோ பல்கலைக் கழகம் 1966இல் விளையாட்டு நிருவாகத்துக்கு முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. இங்கே குவாலியரில் 1957இல் உடற்கல்விக் கல்லூரியும், பாட்டியாலாவில் 1961இல், அரசரின் மோதிபாக் அரண்மனையிலேயே, பயிற்றுநர்களை உருவாக்கும் தேசிய நிலையமும் வந்தன. சிற்றரசர் மாளிகையிலே வகுப்பறை! 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே தனிப் பல்கலைக் கழகத்தைத் தமிழ்நாடு நிறுவியது. பட்டத்துக் குமாரர் போய்ப் பட்டம் பெற்ற குமாரனும் குமாரியும் வரவேண்டிய இடம் அது. முற்றிலும் வந்துவிட்டார்களா? விளையாட்டுச் சங்கங்கள் பலவற்றின் தலைமை நாற்காலியைப் பாருங்கள். அங்கே இருப்போர் எத்தனை பேர் திடலிலிருந்து வந்தவர்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பெண்களைப் பற்றிச் சொல்லாவிடில் கட்டுரை பாதியோடு நிற்கும். 1928இல் ஆம்சுடர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். ஓடி முடித்துச் சிலர் களைத்துப் போயினர். பெண்ணுடல் தாங்காது என்று முழங்கினர் மேனாட்டு வைதீகர். ஆம், அங்கும் உண்டு அந்த இனம். 1960 வரை அந்த ஓட்டமே ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இல்லாமற் போயிற்று. ஆண்கள் களைத்து விழுந்ததற்காக எந்த ஓட்டம் நீக்கப்பட்டது?

அதே 800 மீட்டர் ஓட்டத்தில் 2006ஆம் ஆண்டு, தோகா ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார் புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி. செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண். பாலினச் சோதனை என்று ஒன்றை வைத்துப் பதக்கத்தைப் பறித்தனர். உடல் மீண்டும் குற்றவாளிக் கூண்டில்! நந்தனுக்குத் தீ, சாந்திக்குச் சோதனைக் குழாய். சூளைக்கே கூலி வேலைக்குத் திரும்பினார். அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தேசிய விளையாட்டு நிலையத்தில் பயிற்றுநர் பட்டயப் படிப்பில் சேர்ந்தார், தேர்ந்தார், 2016இல் தமிழக அரசின் தடகளப் பயிற்றுநராக அமர்ந்தார். பதக்கத்தைப் பறிக்க முடிந்தவர்களால் படிப்பைப் பறிக்க முடியவில்லை.

கடைசியாக, கடலூர். 2004 டிசம்பர் 26 காலையில் தேவனாம்பட்டினத்தையும் அதன் அண்டைக் கரைகளையும் சுனாமி அடித்தது. மாவட்டத்தில் மாண்டோர் 600க்கும் மேற்பட்டோர். லாரன்சு படைக்குப் பயிற்சி கொடுத்த அதே கரை. அந்த நாட்களுக்குப் பின், கடலூரிலே விடுதிகளிலும் அரசு இல்லங்களிலும் வளர்ந்த சிறுமியர் கைக்கு, இல்லை, காலுக்கு ஒரு பந்து வந்தது. பெண்பிள்ளை அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதா என்று கேட்ட ஊர் வாயைப் பொருட்படுத்தாமல் பயிற்சி நடந்தது. அங்கே உருவான இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமியின் பெண்கள் குழு, 2018இல் இந்திய மகளிர் லீக்கிலே ஆடியது. அதே 2018இல், கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில், பலமுறை பட்டம் வென்றிருந்த மணிப்பூரை 2–1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகப் பட்டம் கொண்டனர். 2023இல் அமிர்தசரசில் அரியானாவை வென்று மீண்டும் கொண்டனர். கடலூர் மாவட்டம் தந்த இந்துமதியும் சந்தியாவும் இந்தியக் குழுவுக்கே ஆடினர். இந்துமதி தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளரானார்.

காலிலே பிறந்தவர்கள் என்று எழுதி வைத்தார்களே, அந்தக் கால்கள்! கெடிலத்துக் கரையிலே காலை ஐந்தரை மணிக்கு, சுண்ணாம்புக் கோட்டின்மேல் அவை வரிசையாக நிற்கின்றன. பக்கத்திலே கையில் விசிலோடும் கழுத்திலே நிறுத்துக் கடிகாரத்தோடும் நிற்கும் பயிற்றுநர், டிரில் மாஸ்டர் அல்லர். எந்தப் பெண்ணுக்கு நேற்று முழங்கால் வலித்தது என்று முதலில் கேட்கிறார். பிறகுதான் விசிலை வாயிலே வைக்கிறார்.